பாலையின் விருந்தினர்

தகுதிக்கு மீறிய விருந்தை ஏற்றவர் மனத்தில் ஒரு கூச்சம் குடிகொண்டிருக்கும். உண்ணும்போது அது தெரிவதில்லை. கை கழுவும்போதுதான் தெரியும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாங்கள் இருவரும் அத்தகைய விருந்து ஒன்றை ஏற்றோம். அதைப் பற்றி வாசக அன்பர்களிடம் மனம் விட்டுச் சொல்ல விழைகிறோம்.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ள நமீபியா நாட்டின் தலைநகர் விண்ட்ஹோக்கில் எங்கள் மகன் பணிபுரிகிறான். எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்கு அவன் ஒரு பரிசு அளித்தான். மோதிரமும் அன்று, பட்டும் அன்று; பாலைவனத்தின் நடுவே வனவிலங்குகளைக் காண வருவோருக்கென அமைந்த உல்லாசக் கூடார விடுதி ஒன்றில் நான்கு இரவுகள் தங்கல். கட்டணம் எவ்வளவு என்று கேட்டோம். முதலில் மழுப்பினான், வற்புறுத்தியபின் சொன்னான். ஓர் இரவுக்கு ஆகும் தொகை, ஓய்வுபெற்ற ஆசிரியர்களான எங்களின் மாத ஓய்வூதியம் முழுவதையும் விஞ்சியது. நான்கு இரவுகளின் பணத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் திருமணத்தையே நடத்திவிடலாமே என்று மனம் கணக்குப் போட்டது. கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று அவன் சொன்ன பிறகே பெட்டியைக் கட்டினோம்.

நமீபியா பரப்பில் தமிழ்நாட்டைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்டது. மக்கள்தொகையோ 30 இலட்சம்தான். மேற்கு எல்லை நெடுகிலும் அட்லாண்டிக் பெருங்கடல். கடலை ஒட்டிப் பாலைவனம் எங்ஙனம் உண்டாயிற்று என்று நாங்களும் வியந்தோம். அக்கரையோரமாகத் தெற்கிலிருந்து பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அதன்மேல் குளிர்ந்த காற்று உயரே எழுந்து மழைமேகம் ஆவதில்லை. மூடுபனியாகத் தவழ்ந்து நிலத்துக்குள் நுழைந்து, வெயில் ஏறியதும் கலைந்துவிடுகிறது. நாங்கள் சென்ற டமாராலாந்துப் பகுதியின் மேற்கே, ஆண்டு முழுவதிலும் 100 மில்லிமீட்டர் மழை பெய்துவிட்டால் அது நல்ல ஆண்டு.

விண்ட்ஹோக்கிலிருந்து ஒரு பகல் முழுவதும் காரில் பயணம். மகன் ஓட்டினான். தார்ச்சாலை முடிந்து சரளைச் சாலை வந்தது. கோரிகாஸ் என்னும் சிற்றூரைத் தாண்டியபின், கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் செந்நிறக் கற்கள். உச்சியைச் சீவிவிட்டாற்போன்ற தட்டை மலைகள். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த நிலம் அது.

வழியில் ட்வைஃபெல்ஃபொன்டெய்ன் என்னும் இடத்தில் இறங்கினோம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு ‘ஐயத்துக்குரிய ஊற்று’ என்று பொருள். அங்கே ஆடு வளர்க்க வந்த வெள்ளையர் ஒருவர், ஊற்றை நம்ப இயலாமல் வைத்த பெயராம். அவருக்குப் பல தலைமுறை முன்னரே வேட்டுவர்கள் அதே ஊற்றை நாடி வந்து, பாறைகளில் 2,000-க்கும் மேற்பட்ட உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கின்றனர். ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், சிங்கம், விலங்குகளின் குளம்புத் தடங்கள் என வரிசை வரிசையாக அவை காட்சி தருகின்றன. 2007-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நீரைத் தேடுவதே இந்நிலத்தின் முதல் தொழில் என்பதை அக்கற்கள் எங்களுக்குச் சொல்லின. நாங்கள் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டோமே தவிர, பாடம் கற்றோமில்லை.

சாலை முடிந்த இடத்தில் விடுதியின் ஜீப் காத்திருந்தது. மகன் எங்களை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினான்.

பெயர்தான் கூடாரம். மரமேடையின்மேல் கித்தான் சுவர்கள், உள்ளே வெள்ளை விரிப்பிட்ட கட்டில், எழுதுமேசை, வெந்நீர் வரும் குளியலறை. மின்சாரம் கதிரவனிடமிருந்து, நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, காய், கனி, பால் அனைத்தும் தொலைதூர நகரங்களிலிருந்து லாரியில். இரவில் எலும்பைத் துளைக்கும் குளிர். போர்வைக்குள் கால் நீட்டியதும் இளஞ்சூடான ஏதோ ஒன்று தட்டுப்பட, விலங்கு புகுந்துவிட்டதென்று அலறி எழுந்தோம். விருந்தினரின் கால் குளிராதிருக்கப் பணியாளர் வைத்துவிட்டுப் போன வெந்நீர்ப்பை அது!

குளியலறையில் தூவுகுழாயின்கீழ் ஒரு தகர வாளி இருந்தது. அருகே சிறு அட்டை ஒன்று: வெந்நீர் வரும்வரை விழும் குளிர்நீரை வாளியில் பிடித்து வைக்கக் கனிவுடன் வேண்டுகிறோம் என்று. பயண அலுப்பில் எங்களுள் ஒருவர் வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கட்டிய காசுக்குக் கணக்குத் தீர்ப்பவரைப்போல் நெடுநேரம் நீராடினார். அவர் எவர் என்று கேட்க வேண்டா. நாற்பதாண்டு இல்லறத்தின் இரகசியங்களுள் அதுவும் ஒன்று. மறுநாள் காலையில் அறையைத் துப்புரவு செய்ய வந்த பெண்மணி வெறும் வாளியைப் பார்த்தார். எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். வாளியைக் குழாயின்கீழ் நேராக வைத்துவிட்டுப் போனார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். பொழுது புலருமுன் எழுப்பி, சூடான காப்பி தந்து, போர்வை போர்த்தித் திறந்த ஜீப்பில் ஏற்றிச் சென்றார். ஹுவாப் ஆற்றின் படுகையில் இறங்கினோம். ஆறு என்பது பெயரளவில்தான். கிழக்கே மலைகளில் மழை பெய்தால் சில நாள் வெள்ளம் ஓடுமாம்; மற்ற நாள்களில் மணலே. ஆயினும் கரை நெடுகப் பசுமையான மரங்கள் நின்றதால், மணலுக்கு அடியில் நீர் உண்டு என்பது விளங்கிற்று.

அங்கேதான் யானைகளைக் கண்டோம். கன்றுகள் உட்பட ஏழு. ஒரு பெண்யானை முன்காலால் மணலைக் கீறி, துதிக்கையால் அள்ளி எறிந்து, ஒரு குழியைத் தோண்டியது. பின்பு அசையாது நின்றது. ஊறிவரும் நீர் தெளியும்வரை காத்திருக்கிறது என்றார் வழிகாட்டி. எங்களுக்குத்தான் பொறுமை இல்லை, அதற்கு இருந்தது. அவை குடித்து அகன்றபின், எங்கோ மறைந்திருந்த பறவைகள் அக்குழியில் இறங்கி நீர் அருந்தின. இவை தனியோர் இனம் அல்ல. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் யானைகளின் உறவினமே. பாலைக்கு இணங்கி வாழக் கற்றுக்கொண்டவை. நீரின்றிச் சில நாள் தாங்கும். ஒரு மிடறு நீருக்காக நெடுந்தொலைவு நடக்கும்.

பின்னர் மரநிழலில் தேநீர் அருந்துகையில் அவர் பழங்கதை சொன்னார். அன்று இந்நாடு தென்னாப்பிரிக்காவின் ஆட்சியில் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் கொடிய வறட்சி, அதனோடு கள்ளவேட்டை. யானையும் கறுப்புக் காண்டாமிருகமும் இப்பகுதியில் அற்றுப்போகும் நிலை வந்தது. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்னும் இயற்கைக் காவலர் ஊர்த் தலைவர்களோடு கலந்து பேசினார். தலைவர்கள் தம் மக்களிலிருந்தே காவலரைத் தேர்ந்து அனுப்பினர். காட்டைக் கரதலப்பாடமாய் அறிந்த ஆட்டிடையர்கள் தடம் பார்த்துக் காவல் காத்தனர். கள்ளவேட்டை தணிந்தது.

ஆனால் விலங்குகளால் வரும் பயனுக்கு அவர்கள் உரிமையாளர் ஆகவில்லை. 1975-ஆம் ஆண்டுச் சட்டம், தம் நிலத்து விலங்குகளால் வருவாய் பெறும் உரிமையைத் தனியார் பண்ணைகளின் வெள்ளை முதலாளிகளுக்கே தந்திருந்தது. பொது நிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு இல்லை. 1990-இல் விடுதலை கிடைத்தது. 1996-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஊர்மக்கள் ஒன்றுகூடிக் காப்பகம் அமைத்தால் அவர்களுக்கும் அவ்வுரிமை உண்டு என்றாயிற்று. 1998-இல் முதன்முதலாகப் பதிவான நான்கு காப்பகங்களுள் ஒன்று, இப்பகுதியில் உள்ள டோரா. இன்று நாடெங்கும் அத்தகைய காப்பகங்கள் 80-க்கு மேல். நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் பொறுப்பில் உள்ளது. விருந்தினர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி காப்பகத்துக்குச் செல்கிறது. உரிமம் பெற்ற வேட்டையாலும் சில காப்பகங்களுக்கு வருவாய் உண்டு என்பதையும் அவர் மறைக்காது சொன்னார். காவலர் ஊதியமும், சிங்கமோ சிறுத்தையோ கொன்ற ஆடுமாடுகளுக்கான ஈட்டுத் தொகையும் அந்நிதியிலிருந்தே.

கேட்கக் கேட்க எங்கள் கூச்சம் சற்றுத் தணிந்தது. நம் பணம் நல்வழியில்தான் போகிறது என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம். அந்த நிறைவு மறுநாள் மாலை வரையே நீடித்தது.

மூன்றாம் நாள் யானைகள் எங்கோ சென்றுவிட்டன. திரும்பும் வழியில், தம் தாயார் வீட்டில் மாவும் மருந்தும் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று வழிகாட்டி தயங்கிக் கேட்டார். மகிழ்வுடன் இசைந்தோம். தகரக் கூரை வேய்ந்த சிறு வீடு, ஓர் ஆட்டுப்பட்டி, ஒரு கழுதை வண்டி. சற்றுத் தள்ளி, கருங்கற்களை அடுக்கி ஆள் உயரத்துக்கு எழுப்பிய வட்டச் சுவர். கோட்டையோ என்றெண்ணினோம். உள்ளே இருந்தது தண்ணீர்த் தொட்டி. யானையிடமிருந்து நீரைக் காக்கவே அச்சுவர். அதில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஓர் ஆண்யானை இரவில் வந்து, சுவரை இடித்து, நீர்க்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டதாம். அது குடித்தது கொஞ்சம். மணல் குடித்ததே மிகுதி. பழுதுபார்க்க ஆள் வரும்வரை, அக்கழுதை வண்டியில்தான் தொலைவிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மையாருக்கு எங்கள் வயதைவிடச் சில ஆண்டுகள் குறைவிருக்கும். வாசலில் நாற்காலி இட்டு அமரச் சொன்னார். மூலையில் இருந்த பிளாஸ்டிக் கலத்தைச் சாய்த்து, அடியில் கிடந்த நீரை ஒரு சொட்டும் சிந்தாமல் கெண்டியில் வார்த்து, எங்களுக்குத் தேநீர் இட்டார். கிண்ணம் நிறையவில்லை என்று வருந்தினார். எங்களுள் ஒருவருக்கு முதல் இரவின் நீராட்டு நினைவுக்கு வந்தது. கிண்ணத்தை ஏந்திய கை நடுங்கியது. மற்றவர் பார்த்தும் பாராதவராய் இருந்தார்.

தாயும் மகனும் நாவைச் சொடுக்கிப் பேசும் தங்கள் மொழியில் உரையாடினர்; பேச்சு வரவரச் சூடேறியது. என்ன சொல்கிறார் என்று கேட்டோம். மகன் சிரித்து மழுப்பப் பார்த்தார். தாய் விடவில்லை, முழுவதையும் மொழிபெயர்க்கச் சொன்னார்.

“அதைச் சுட்டுவிட வேண்டும் என்கிறேன் நான். இவனோ அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறான்.”

“அம்மா, அந்த யானைதான் எனக்கு ஊதியம் தருகிறது.”

“என் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தருகிறது.”

மகன் வாய் திறக்கவில்லை. நாங்களும்தான்.

பிறகு அவர் தம் கதையைச் சொன்னார். பிறந்த ஊர் இதுவன்று. தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஆற்றங்கரைப் பக்கத்து ரீம்வாஸ்மாக். 1973-74-இல் நிறவெறி அரசு அவ்வூர் மக்களைத் தோலின் கணக்கும் மொழியின் கணக்கும் பார்த்துப் பிரித்து, ஒரு பகுதியினரை இந்த வறண்ட நிலத்துக்கு ஏற்றி அனுப்பியது. அவர்கள் விட்டுவந்த மண் இராணுவப் பயிற்சிக் களமாயிற்று. அப்போது இவருக்கு வயது எட்டு. ஆடுகளோடு லாரியில் வந்ததும், இறக்கிவிட்ட இடத்தில் மரம் ஒன்றுகூட இல்லாததும் இன்னும் நினைவிருக்கிறது என்றார். நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் அந்நிலம் மீண்டும் மக்களிடமே ஒப்படைக்கப்பட்டது. பலர் திரும்பினர்; உடன்பிறந்தாரும் போயினர். இவர் போகவில்லை. தாயின் கல்லறை இங்கே இருந்தது. பிள்ளைகள் இங்கே பிறந்திருந்தனர்.

“2020-ஆம் ஆண்டில் நோய் வந்ததே, அப்போது விருந்தினர் ஒருவரும் வரவில்லை. இவனுக்கு முழு ஊதியம் இல்லை. யானை மட்டும் தவறாமல் வந்தது” என்றார். எங்களால் சிரிக்கவும் இயலவில்லை, சிரிக்காமல் இருக்கவும் இயலவில்லை.

விடைபெறும்போது பணம் கொடுக்கக் கை பைக்குள் சென்றது. அவர் முகத்தைக் கண்டு வெளியே வந்துவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை நீட்டினோம். ஒன்றைக் கடித்துப் பார்த்து, தம் பல்லைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கள் நாட்டிலும் யானை உண்டாமே. அங்கே தொட்டியை உடைத்தால் யார் தருகிறார்கள்?”

எங்கள் நாட்டில் யானை வாழையை அழிக்கும், வீட்டையும் இடிக்கும், அரசு இழப்பீடு வழங்குவதுண்டு என்றோம். “யானையைப் பார்க்கப் பணம் கட்டி வருகிறவர்கள் இருப்பார்களே, வாழையை இழந்தவனுக்கு அதில் பங்கு உண்டா?” என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அக்கேள்வியை அதுவரை எங்களிடம் எவரும் கேட்டதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை.

அன்றிரவு விடுதியில் விருந்து சிறப்பாக இருந்தது. எங்களுக்கு உண்ண மனமில்லை. வானத்தில் பால்வீதி ஆறு போல் கிடந்தது. தென்மேற்கே தென்சிலுவை விண்மீன்கள் நான்கும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு நாள் முன்னதாகப் புறப்பட்டு, மிஞ்சும் தொகையை அந்த அம்மையாருக்குத் தரச் சொன்னால் என்ன என்று பேசினோம். மெல்ல வழிகாட்டியிடம் கேட்டோம். அவர் பதறிவிட்டார். “அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் மனம் ஆறும். ஆனால் எல்லாரும் அப்படிப் புறப்பட்டுவிட்டால் 2020 திரும்பிவிடும். தங்குங்கள். ஊருக்குப் போய் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். யானையை மட்டும் சொல்லாதீர்கள், சுவரையும் சொல்லுங்கள்” என்றார்.

எனவே தங்கினோம். கூச்சம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. நாங்கள் செலுத்திய பணத்தில் அந்த அம்மையாரின் வாசலை எட்டுவது சிறு துளியே; அதுவும் சுற்றிவளைத்து, காலந்தாழ்த்தி எட்டும். யானை வருவதோ நேராக, அன்றிரவே. கட்டணம் கட்டியவர்கள் நாங்கள். விலை கொடுப்பவர் அவர். இவ்விரண்டும் ஒன்றென்று எண்ணி இரண்டு நாள் நிறைவோடு தலையசைத்தோமே, அதுவே எங்கள் பிழை. அந்த உல்லாசம் பாவமா புண்ணியமா என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. விடுதி மூடப்பட்டால் அவர் மகனுக்கு வேலையில்லை, யானைக்கும் காவலில்லை. ஆனால் விருந்துண்பவர், அடுக்களையில் எவருடைய கலம் வெறுமையாயிற்று என்று ஒரு தரம் எட்டிப் பார்க்கக் கடமைப்பட்டவர் அன்றோ?

கடைசி நாள் காலையில் வாளி நிறைந்திருந்தது. அதைத் தூக்கிச் சென்று துப்புரவுப் பெண்மணியிடம் கொடுத்தோம். முதல் நாளில் புன்னகைத்ததைப் போலவே புன்னகைத்தார். விருந்தினர் கருத்தேட்டில் எங்களுக்கு முன் எழுதியவர்கள் விண்மீன்களையும் உணவையும் புகழ்ந்திருந்தனர். நாங்கள் அரைக்கிண்ணத் தேநீரைப் பற்றி நான்கு வரி எழுதினோம்.

கோவையை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் எங்கள் உறவினர் ஒருவர் வாழை பயிரிடுகிறார். யானை வந்துபோன செய்தியை அவர் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், காட்டை நாம் பறித்துக்கொண்டால் அது எங்கே போகும் என்று அறிவுரை கூறுவது எங்கள் வழக்கம். ஊர் திரும்பிய மாதமே மறுபடி அழைத்தார். இம்முறை அறிவுரை கூறவில்லை. எத்தனை வாழை போயிற்று என்று கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. இப்படி ஒருவர் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும். பிறகு ஒவ்வொரு வரிசையாக எண்ணிச் சொல்லத் தொடங்கினார். இறுதிவரை கேட்டுக்கொண்டிருந்தோம்.